தாசில்தார், கமிட்டி, ஆமவடை

ஜூன் 1, ஞாயிறு

மாப்பிள்ளை இன்று ஒரு வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டான். வாளிக்குள் மூன்று கல். கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது பவளமாம். செவ்வாய் தோஷத்துக்கு மோதிரத்தில் பதிப்பார்களே, அது இல்லை. இது சளி நிறத்தில் கொழகொழவென்று இருக்கிற ஒரு சாமான். இவன் பிறந்தது தூத்துக்குடி. அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கி வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். இவனோ ஹாலில் நாலடிக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் கலக்கி, நீல விளக்குப் போட்டு, அலையடிக்க மோட்டாரும் மாட்டி, அதைக் குடி வைக்கிறான்.

முதலில் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டான். இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டுமாம். அப்புறம் வாளியில் இறக்கி, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். வேகமாக வந்துவிடக் கூடாதென்று குழாயில் ஒரு முடிச்சு வேறு. அதற்கப்புறம் காப்பி நிறத்தில் ஏதோ மருந்தில் முக்கி எடுத்தான், பூச்சி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் செத்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் எனக்குக் குடலிறக்கம் அறுத்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை.

"என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"இதுக இருந்த தண்ணி வேற மாமா, நம்ம தண்ணி வேற. ஒரேயடியா மாத்துனா தாங்காது."

சார்பதிவாளராக நான் எத்தனை ஊருக்கு மாற்றலாகிப் போயிருக்கிறேன்! எந்த ஊரிலும் எனக்கு யாரும் சொட்டுச் சொட்டாக விடவில்லை.

மாப்பிள்ளையின் பெயர் ஆல்வின் ரொட்ரிகோ. ஒரு தடவை எழுதியாயிற்று, போதும். மகள் காந்திமதி என்னைக் கேட்காமல் கட்டிக்கொண்ட பெயர் அது.

நான் இங்கே சென்னைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. அதற்கு முன்னால் பெங்களூரில் மகன் சங்கரலிங்கம் வீட்டில் இருந்தேன். அங்கே சமையற்காரி ஏலக்காய் திருடுகிறாள் என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். குளிரும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நானாகவே கிளம்பிவிட்டேன். டிக்கெட் எடுத்துப் பெட்டியைக் கட்டியது மட்டும் மகன்.

இங்கே வந்து இறங்கியதும் மகள் காபியைக் கையில் கொடுத்துச் சட்டம் வாசித்தாள்.

"அப்பா, சொல்லுதேன், கோவப்படாதீய. இந்த வீட்டுல உங்களால ஒருத்தரும் அழக் கூடாது. இந்த மாசம் முடியுற வரைக்கும் பாப்போம். ஒழுங்கா இருந்தீயன்னா மூலை ரூம் உங்களுக்கு, கடைசி வரைக்கும். இல்லன்னா அண்ணன் பாத்து வச்சிருக்க கோயம்புத்தூர் ஹோமுக்குப் போயிருங்க. என்னால அம்மா மாதிரி இருக்க முடியாது."

பத்திரம் பதிய வந்த ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளையே நிற்க வைத்துப் பேசியவன் நான். எனக்குப் பெற்ற மகள் தவணை கொடுக்கிறாள். அந்த ஹோமின் விளம்பரப் புத்தகத்தை மகன் என் பெட்டியில் துணிக்கு மேலாகவே வைத்து அனுப்பியிருக்கிறான். அட்டையில் கிழவன் கிழவிகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அத்தனையும் கட்டின பல்.

ஜூன் 2, திங்கள்

மாப்பிள்ளை காக்கிநாடா போய்விட்டான். கப்பல் இஞ்சின் பழுது பார்க்கிற உத்தியோகம். மாதக் கடைசியில்தான் வருவான். போகும்போது பவளங்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். தினமும் காலையில் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் வற்றியிருக்கும், கண்ணாடியில் போட்டிருக்கிற கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு வற்றாதாம், அதனால் உப்பு சேர்க்கக் கூடாது. விளக்கை மங்கலாக வைத்திருக்கிறான், சில நாளைக்கு ஒரு முறை திருகைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். பவளங்களை இப்போதைக்குத் தொட்டியின் தரையில் வைத்திருக்கிறான், வெளிச்சம் பழகின பிறகு மேலே ஏற்றுவானாம். இன்னும் என்னென்னவோ சொன்னான். எது ஆகும், எது ஆகாது என்று ஒரு பெரிய பாட்டு. அந்த நேரம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஊத்துவியளா மாமா?"

"ஊத்துதேன், ஊத்துதேன். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

ஊற்றுவதற்குச் சமையலறையில் வெள்ளைக் கேன் வைத்திருக்கிறான். மெஷினில் வடிகட்டின தண்ணீர். அதில் ஒரு சத்தும் கிடையாது, செத்த தண்ணீர். மகளும் அவனும் அதைத்தான் குடிக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. ஊரிலிருந்து செப்புப் பானை கொண்டு வந்திருக்கிறேன். முதல் நாளே பிடித்து வைத்து மறுநாள் குடிப்பேன். இந்த வயதில் எனக்குச் சர்க்கரை, பிரஷர் ஒன்றுமில்லை என்றால் அதனால்தான்.

ஜூன் 4, புதன்

மூன்றும் திறக்கவேயில்லை. பெயர் வைத்திருக்கிறேன், இல்லையென்றால் எதைத் திட்டுகிறோம் என்று தெரியவில்லை.

தடியாக, தோல் போர்த்தினாற்போல் இருப்பது தாசில்தார். எப்போது போனாலும் மூடியிருக்கிறது. சட்டைப் பொத்தான் மாதிரி கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது கமிட்டி. எல்லாம் ஒன்றாகச் சுருங்கிக்கொள்கின்றன, ஒன்றுகூடத் தனியாக முடிவெடுப்பதில்லை. மூன்றாவது வட்டமாகச் சுருக்கம் விழுந்து கிடக்கிறது. ஆமவடை.

மாப்பிள்ளை போனில் முகம் காட்டிப் பேசினான். "சாப்பிட்டியளா மாமா? முட்டுவலி எப்படியிருக்கு?" என்று தொடங்கி ஊர்க்கதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் பவளத்துக்கு வந்தான். சாமான் பத்திரமா என்று கேட்பதற்கு இத்தனை சுற்று! திறக்கவில்லை என்றேன்.

"புது எடம்லா மாமா. மூஞ்சியக் காட்டாது. விட்டுருங்க, தொந்தரவு பண்ணாதீய. அதுவா தொறக்கும்."

ஜூன் 5, வியாழன்

திறக்கவில்லை.

ஜூன் 7, சனி

இந்த வீட்டு வேலைக்காரி நாகபூஷணம். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறாள். பேச்சில் சென்னைப் புழுதி பறக்கும். வந்ததும் டிவியைப் போட்டுவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுக்கிறாள். இன்று நான் சாப்பிட்ட தட்டை எடுக்கும்போது, "இன்னா சார், கறிவேப்பில எல்லாத்தியும் தட்டச் சுத்தி ஒட்டி வச்சிக்கிற, கோலம் போட்டியா?" என்றாள். மகள் சிரித்தாள். இவள் கையில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மகளின் சட்டம் ஞாபகம் வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

தாசில்தார் மேல் ஏதோ படலம் படர்ந்திருக்கிறது. மெழுகு பூசின மாதிரி. செத்துவிட்டதா? செத்தால் நான் கொன்றதாகத்தான் ஆகும். போனில் காட்டினேன். மாப்பிள்ளை சிரிக்கிறான். "தோல் உரிக்குது மாமா, நல்லதுதான்" என்கிறான். சாவதற்கும் தேறுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஜந்துவை எவனாவது வீட்டில் வளர்ப்பானா?

ஜூன் 9, திங்கள்

காலையில் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுப் பேப்பர் படித்தேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். தாசில்தார் எப்படித் திறப்பான்? கடலிலே எத்தனை சத்து! இங்கே தினமும் செத்த தண்ணீரை ஊற்றுகிறோம். மாப்பிள்ளை படித்தவன்தான், ஆனால் தண்ணீரைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? பிளாஸ்டிக் பாட்டிலில் குடித்து வளர்ந்தவன். இன்றைக்குக் கேனைத் தொடவில்லை. என் செப்புப் பானையிலிருந்து கோடு வரை ஊற்றினேன். எனக்குக் குடிக்கக் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

இதை மகளிடம் சொல்ல வேண்டியதில்லை. நான் இதுகளுக்குப் பாவம் பார்க்கிறேன் என்று நினைப்பாள்.

ஜூன் 12, வியாழன்

கமிட்டி திறந்துவிட்டது! ஒவ்வொரு பொத்தானும் சுற்றிக் குஞ்சம் வைத்துப் பச்சையும் ஆரஞ்சுமாக. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, கல்யாண வீட்டு சீரியல் பல்ப் மாதிரி இருக்கிறது. ஆனாலும் திறந்துவிட்டது. மாப்பிள்ளை பத்து நாளாக அவனுடைய தண்ணீரை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னான், என் தண்ணீர் மூன்றே நாளில் வேலையைக் காட்டிவிட்டது.

காந்திமதி ஆபீஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "சூப்பர்ப்பா" என்றாள். லிஃப்டுக்குப் போன பிறகும் அந்த இடம் கனமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

விளக்கைக் கொஞ்சம் கூட்டினேன். ஆமவடை விளிம்பு தூக்கியிருக்கிறது. இப்போது பானையில் இரண்டு தடவை தண்ணீர் பிடிக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று அந்த மூன்று சோம்பேறிகளுக்கு. மகனிடமிருந்து போன். "எப்படிப்பா இருக்கு?" என்றான். கோயம்புத்தூருக்கு முன்பணம் கட்டியிருக்கிறானாம், மாதம் முடிவதற்குள் தெரிந்தால் நல்லது என்கிறான். அவர்கள் என்னைக் கெஞ்சி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

ஜூன் 18, புதன்

தொட்டியில் மீன்களைத் தவிர நத்தைகளும் உண்டு, கண்ணாடியில் பாசியை மேய்ந்துகொண்டு. அவை இன்று தரையில் மல்லாந்து கிடக்கின்றன. சோம்பேறித்தனத்தைப் பவளங்களிடம் கற்றுக்கொண்டிருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

நத்தைகள் செத்துவிட்டன. நாற்றம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. கமிட்டி மூடிவிட்டது. மூடினது என்றால் முன்பு மாதிரி இல்லை, பொத்தான்கள் கரைகிறாற்போல் இருக்கிறது. தாசில்தார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறான். மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி அலைகின்றன.

மகள் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"ஏதாவது ஸ்ப்ரே அடிச்சியளா? கொசு மருந்து? கண்ணாடி தொடைக்கிற லிக்விட்?" என்று கேட்டான்.

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது. பூஷணம். ஊதா நிறத்தில் பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டு ஜன்னல் துடைப்பாள். சொன்னேன்.

"அவ தொட்டியிலயும் அடிச்சாளாப்பா? பாத்தீயளா?" என்றாள் மகள்.

பார்த்தேன் என்றேன்.

பார்த்திருப்பேன். அவள் அடிக்கக்கூடியவள்தான்.

ஜூன் 21, சனி

பூஷணம் வந்ததும் மகள் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அந்தப் பெண்பிள்ளைதான் கத்தியது.

"தொட்டிகிட்ட போவாதன்னு அந்த சாரு சொன்ன நாள்லேந்து நா அந்தப் பக்கமே துணி எடுத்துனு போனதில்லக்கா. நா அட்ச்சத யாரு பாத்தது? இவுரா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேப்பரை மடித்தேன். "பாத்தேன்" என்றேன்.

பூஷணம் இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள். வீசவில்லை, வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே லிஃப்டைக்கூடக் கூப்பிடாமல் படியில் இறங்கிப் போனாள்.

அழுதது என்னால் இல்லை. அவள் செய்ததற்கு அவள் அழுதாள். காந்திமதியும் அப்படித்தான் சொன்னாள், "தப்பு அவ மேலப்பா, இதை நான் உங்க கணக்குல எழுதல" என்று. ஆக, மூலை அறை பத்திரம்.

பாத்திரம் யார் கழுவுவது என்றுதான் தெரியவில்லை. மகள் கழுவுகிறாள்.

ஜூன் 23, திங்கள்

பவளங்களைக் கொடுத்தவர் வேளச்சேரிப் பல் டாக்டர் ஹமீது, மாப்பிள்ளையின் சிநேகிதர். இவை அவர் தொட்டியில் வளர்ந்தவை, வெட்டிக் கொடுத்திருக்கிறார். நேற்று வந்து தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்துப் போனார். இன்று மகள் ஆபீஸில் இருக்கும்போது என் போனுக்கே கூப்பிட்டார்.

"அங்கிள், தண்ணில காப்பர் இருக்கு. செம்பு. மீனுக்கு அவ்ளோ தெரியாது, பவளத்துக்கும் நத்தைக்கும் அது விஷம். உள்ள காசு, ஒயர் ஏதாச்சும் விழுந்து கெடக்குதான்னு பாருங்க."

"கண்ணாடி தொடைக்கிற மருந்துல செம்பு வருமா?"

"அதுல எப்படி வரும் அங்கிள்? அதெல்லாம் இல்ல."

போனை வைத்தேன். சாப்பாட்டு மேசையில் பானை இருந்தது. புளி போட்டு நான்தான் நேற்றுத் தேய்த்தேன். பளபளவென்று இருந்தது.

ஜூன் 24, செவ்வாய் காலை

எனக்கு நன்மை செய்கிற தண்ணீர் அதுகளுக்கு எப்படி விஷமாகும்? பல் டாக்டருக்கு என்ன தெரியும்?

இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நத்தைகள் செத்துவிட்டன.

யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் காசு, ஒயர் என்றுதான் நினைக்கிறார். ஒரு காசைத் தொட்டியில் போட்டுவிட்டு எடுத்துக் காட்டினால் விஷயம் முடிந்தது. அதையும் பூஷணம் போட்டதாகவே இருக்கட்டும். மாதம் முடியப்போகிறது. இத்தனை பாடுபட்டு வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது எதற்கு?

அதே நாள், மாலை

செம்பை உறிஞ்சுகிற மருந்துப் பை ஒன்று பரணில் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள் என்று டாக்டர் மறுபடி போனில் சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறினேன். பையோடு இன்னொரு பெட்டியும் இருந்தது. உள்ளே சின்ன மோட்டார், குழாய், மிதவை. பெட்டி மேல் படம் போட்டிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் வற்றினால் தானாகவே கேனிலிருந்து கோடு வரை ஊற்றுகிற மெஷின். குழாயில் ஈரம் பட்ட தடம் அப்படியே இருந்தது. பழுது ஒன்றும் இல்லை.

மகள் வந்ததும் இது ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டேன்.

"கழட்டி வச்சிட்டுத்தான் போனாரு. அப்பா சும்மா உக்காந்திருந்தா அவருக்குக் கிறுக்குப் பிடிச்சிரும், காலைல எந்திரிச்சா அவருக்குன்னு ஒரு வேலை இருக்கட்டும்னு சொன்னாரு. புதுசா வந்த பவளத்தை உங்ககிட்ட குடுக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அவரு கேக்கல."

இவன் வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். என்னையும் அப்படித்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எனக்கு அவமானமாக இருந்தது, கோபம் கோபமாக வந்தது. கோபப்படுவதற்கு இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

மகள் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"செப்புப் பானைத் தண்ணிய நான்தான் ஊத்துனேன். ரெண்டு வாரமா. பூஷணம் தொட்டிகிட்ட போனத நான் பாக்கல."

அவள் திரும்பவில்லை. அடுப்பை அணைத்தாள். திரும்பினபோது முகமெல்லாம் தண்ணீர்.

"அம்மா செத்துப் போன பொறவு இது உங்க வாயில வருதுப்பா. தப்பு எம்மேலதான்னு. அவகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லிருந்தீயன்னா..."

அவள் அம்மா பகவதி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். சோற்றைப் போட்டிருப்பாள்.

ஒருத்தருக்கு இரண்டு பேர் அழுதாயிற்று. அவளுடைய சட்டப்படி நான் தோற்றுவிட்டேன். ராத்திரி ரயில் இருக்கிறதா பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"ஓடிப்போலாம்னு பாக்குதீயளா? பூஷணம் வீட்டுக்குப் போங்க. நடந்தத நீங்களே அவகிட்ட சொல்லுங்க. அவ திரும்பி வந்தா நீங்க இங்க இருங்க. வரலைன்னா அண்ணனுக்கு நான் போன் போட்டுருவேன்."

ஆக, கறிவேப்பிலைக்குக் கோலம் என்று பேர் வைத்தவளின் கையில் என் மூலை அறை.

ஜூன் 25, புதன்

முட்டுவலி. போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

முட்டுவலி. மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவள் அம்மாவிடம் படித்திருக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

ஆல்வின் வந்தான். செருப்பைக் கழற்றின கையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். கமிட்டி முழுவதும் போய்விட்டது, கல்லை வெறுமனே வெளியே எடுத்தான். தாசில்தார் அழுகிவிட்டான், தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் பையில் கட்டினான். ஆமவடை பாதி இருக்கிறது. அந்தப் பாதியைத் தனி டப்பாவில் புதுத் தண்ணீர் கலந்து, மறுபடியும் சொட்டுச் சொட்டாக.

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காந்திமதி எல்லாம் சொல்லியிருப்பாள். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"மாமா, இந்த வாளியப் பிடிங்க. பாதித் தண்ணி மாத்தணும்."

பிடித்தேன். பால்கனிக்கும் ஹாலுக்கும் வாளி வாளியாகத் தூக்கினோம். என் முட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. அதை அவனும் பார்த்தான், சொல்லவில்லை.

"அன்னைக்கே சொன்னனே மாமா, செம்பு பித்தளை கிட்டயே கொண்டு போகக் கூடாதுன்னு."

"நான் கேக்கல" என்றேன்.

"ம்" என்றான். அவ்வளவுதான். தொட்டிக்கு ஆன செலவு, சிநேகிதர் பவளத்தை வளர்த்த காலம், ஒன்றும் பேசவில்லை. ஆனால் டப்பாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவை புறங்கையால் கண்ணைத் துடைத்தான். உப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று எழுத வந்தேன். இல்லை, அழுதான்.

ஜூன் 28, சனி

பெரும்பாக்கம். ஒன்றுபோல் அடுக்கடுக்காகக் கட்டிடங்கள், எதில் யார் இருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறவர்களுக்கே தெரியாது. லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறினேன். ஏறும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். ஆபீஸில் வருத்தம் தெரிவிக்க ஒரு நடை உண்டு, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு" என்று தொடங்கும். அந்த நடையில்.

பூஷணம் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை. நான் வாக்கியத்தைத் தொடங்கினேன். சிரமம் என்ற வார்த்தை வருவதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னா ஆச்சுன்னு நேரா சொல்லு சார். குழம்பு அடி பிடிக்கும்."

"தொட்டியக் கெடுத்தது நான். நீ மருந்து அடிச்சத நான் பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன்."

பக்கத்து வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் உலர்த்துவதை நிறுத்திவிட்டாள். மேல் படியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பூஷணம் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று தெரியாது.

"அந்தப் பொண்ணு அனுப்ச்சிதா, நீயா வந்தியா?"

நானாக வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நன்றாக இருந்திருக்கும். அவள் வந்துவிடுவாள், அறை கிடைத்துவிடும்.

"அனுப்பிச்சா. மூணு நாளா வராம முட்டுவலின்னு சாக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் உள்ளே போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அப்புறம் சிரித்தாள். இரக்கமில்லாத, நல்ல சிரிப்பு.

"எத்தினியோ வூட்ல வேல செஞ்சிக்கிறேன் சார். காணாமப் போன மோதிரம் கெட்சா, 'கெட்ச்சிடுச்சி பூஷணம்'னு சொல்லுவாங்க. அதோட சரி. தப்பு என்னுதுன்னு மாடியேறி வந்து சொன்ன மொத ஆளு நீதான். அதுக்குன்னு உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. அந்தப் பொண்ணுக்காக வரேன். இனிமே உன் தட்ட நா தொட மாட்டேன். நீ துன்ன தட்ட நீயே கழுவிக்க."

கதவைச் சாத்திவிட்டாள். படி இறங்கும்போது அந்தத் துணிக்காரி, "பாத்து எறங்குங்க தாத்தா" என்றாள். தாத்தாவாம்.

ஜூன் 29, ஞாயிறு

மகனுக்கு நானே போன் செய்தேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். "அப்ப அவங்க உங்கள வச்சுக்கிடுதாங்களா?" என்றான், நம்பாமல். இன்னும் தெரியாது என்றேன். தெரியாது என்று நான் சொல்லி அவன் கேட்டதில்லை. லைனில் இருக்கிறேனா என்று இரண்டு தடவை கேட்டான்.

ஜூன் 30, திங்கள்

பூஷணம் வந்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், டிவியைப் போட்டாள். என்னை ஒரு நாற்காலியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். காந்திமதி ஆபீஸுக்குப் போகும்போது, மூலை அறை ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டும், அளவு எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன நிறம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என் அறை, என் கண்தானே பார்க்கப் போகிறது. போகட்டும். எதுவாக இருந்தாலும் சரி. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, இவ்வளவு சந்தோஷமாக இருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

இட்டிலி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினேன். தட்டு கழுவுவது ஒரு பெரிய வித்தை இல்லை, இதற்கு எதற்குச் சம்பளம் என்று தோன்றியது. அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். பூஷணம் பின்னாலேயே வந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"விளிம்புல சோப்பு அப்டியே நிக்குது சார். கண்ணு தெரியலியா?"

தட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் கழுவினேன்.